துண்டுக்குள் எண்ணிய பறவைகள்

போன ஞாயிற்றுக்கிழமை குளத்துக் கரையில் நான் மட்டும் ஏன் அப்படிச் சிரித்தேன் என்று குரூப்பில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ரிட்டயர் ஆன பிறகு எனக்கு மூளை கலங்கிவிட்டதா என்றுகூட ஒருத்தி கேட்டிருக்கிறாள். இருக்கட்டும், அவளை நேரில் கவனித்துக்கொள்கிறேன். நடந்தது இதுதான். நம்மை வேனில் கூட்டிப்போன வழிகாட்டித் தம்பி தன் பைனாகுலரைக் கொடுத்து வரிசையாகப் பார்க்கச் சொன்னார் இல்லையா? அது நாலு கை மாறி அவரிடமே திரும்பி வந்தபோது, யாரோ நடுவில் இருக்கும் சக்கரத்தைத் திருகிவிட்டீர்கள், எல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்று சலித்துக்கொண்டார். அந்தச் சக்கரம்தான் எங்கள் வீட்டில் ஒரு மனுஷனின் தலையெழுத்தை மாற்றியது. அது நினைவுக்கு வந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாத கதை இது. நாம் ஏழாம் வகுப்புப் படித்த வருஷம், ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் ஞாயிறு தவறாமல் நான் பறவை பார்க்கப் போனேன். உங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாத்துமேய்க்கி என்று பட்டப்பெயர் வைத்திருப்பீர்கள், எனக்குத் தெரியாதா உங்களை?

எங்கள் வீடு நாகல் நகரில், அத்தாவின் பிரியாணிக் கடைக்குப் பின்னாலேயே இருந்தது. காலையில் எழும்போதே நெய்யும் பட்டையும் மணக்கும். என் வீட்டுப்பாட நோட்டை முகர்ந்து பார்த்துவிட்டுக் காப்பியடித்தவர்கள்தானே நீங்களெல்லாம்.

அந்த வீட்டில் எங்களோடு சின்ன மாமுவும் இருந்தார். அம்மாவின் கடைசித் தம்பி, இருபத்திரண்டு வயது. அவரைப் போலத் திட்டு வாங்கியவரை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. கடையில் கடைசி பெஞ்சிலிருந்து கை தூக்கிச் சோறு கேட்பவரைக் கவனிக்க மாட்டார். பஸ்ஸை மறிக்கத் தெரியாமல் நிற்பார், அது பக்கத்தில் வந்து கடந்துபோன பிறகு பின்னால் ஓடுவார். தெருவில் எதிரே வரும் சொந்தக்காரருக்குச் சலாம் சொல்ல மாட்டார், அதனால் தலைக்கனம் பிடித்தவன் என்று ஊர் முழுக்கப் பெயர். ஒரு வியாழக்கிழமை அய்யலூர் சந்தையில் அத்தா வேப்பமரத்தடியைக் காட்டி, அந்தா கட்டிக் கிடக்கிற நம்ம நாலு ஆட்டையும் ஓட்டிட்டு வா என்று சொல்ல, மாமு பக்கத்து மரத்தடியிலிருந்து வேறு யாருடைய ஆட்டையோ ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆட்டுக்காரர் கம்போடு துரத்தி வந்தார்.

"கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று அத்தா தன் பிடரியைத் தட்டிக் காட்டி ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்பார். மாமு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

இத்தனைக்கும் அரிசியில் கல் பொறுக்க அவரை மிஞ்ச ஆள் கிடையாது. முறத்தை மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு, குருணைக்குள் ஒளிந்திருக்கும் பொடிக் கல்லையும் எடுத்துவிடுவார். அறுந்துபோன என் கொலுசுக் கண்ணியைக்கூட அவர்தான் கோத்துக் கொடுத்தார். கிட்டத்தில் இவ்வளவு கூர்மையாகப் பார்க்கிறவன் தூரத்தில் ஏன் தடுமாறுகிறான் என்று கடையிலும் வீட்டிலும் இருந்த அத்தனை பெரியவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை, ஆனால் எனக்குப் பதினொரு வயசு.

அவர் உருப்படியாகச் செய்த வேலை வாழை இலை வாங்கி வருவது. விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு, அய்யலூர் போகிற வழியில் ஒரு குளத்துக்குக் கீழே இருந்த வாழைத் தோட்டத்துக்குப் போவார். ஏழு மணிக்கு வரவேண்டிய இலை எட்டரைக்கு வரும். குளத்துக் கரையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததாகப் பால்காரர் சொன்னார். தூங்குகிறான் என்று அத்தா தீர்ப்பு எழுதிவிட்டார்.

அவர் தூங்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். அது எப்படித் தெரிந்தது என்றால், அந்த ஐப்பசியில் மதுரையிலிருந்து ஒரு வேன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் பயணமாகக் குளம் குளமாகப் போய்ப் பறவை பார்க்கிற கூட்டம். அதற்குத் தலைமை ஒரு கண் டாக்டரம்மா. ஐம்பது வயசு இருக்கும், காட்டன் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் விறுவிறுவென்று நடப்பார். கரையில் நின்று, சத்தம் கேட்கிறது ஆளைக் காணோமே என்று அவர்கள் முழித்தபோது, இலைக்கட்டோடு நின்ற மாமு சொல்லியிருக்கிறார்: இது முக்குளிப்பான், கோரைக்குள்ளே இருக்கும். அது தாழைக்கோழி, வெயில் ஏறினால் வெளியே வரும். நத்தைகுத்தி நாரை இந்த நேரத்தில் மதகுப் பக்கம் இறங்கும், செத்த நேரம் பொறுங்கள். சொன்னது சொன்னபடி நடந்தது. வேன்காரர்கள் அசந்துபோய், இனி ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள்தான் எங்களுக்கு வழிகாட்டி என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் இதைக் கேட்டு அத்தா சிரித்த சிரிப்பு! எதிரில் நிற்கிற மச்சானையே பார்க்காதவன் பறவை காட்டப் போகிறானாம். ஆனால் அவர் மனசில் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வடக்கே ஆம்பூரில் தெரிந்தவர் ஒருவரிடம் தோல் பதனிடும் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். தை பிறந்ததும் மாமுவை ரயிலேற்றிவிடுவது என்று முடிவு. அதற்குள் இங்கேயே உருப்படுகிற வழி ஏதாவது தெரிந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் கண்காணாத இடத்தில் கிடந்து புத்தி வரட்டும் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அழுதாள். பெட்டிக்கடைத் தெருவிலிருந்து ஒரு தகரப் பெட்டி வந்து இறங்கியது. பச்சைப் பெயிண்ட் அடித்து, மேலே ரோஜாப்பூ வரைந்த பெட்டி. மாமு இல்லாத வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்? கதை சொல்வதும் அவர்தான், கணக்கில் நான் வாங்கிய ஏழு மார்க்கை மறைத்ததும் அவர்தான்.

தனியாக விட்டால் எங்காவது பராக்குப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவான் என்று, துணைக்கு என்னை அனுப்பினாள் அம்மா. சைக்கிள் பின்சீட்டில் நான், முன்னால் ஹேண்டில்பாரில் தூக்குவாளி நிறைய டீ.

முதல் ஞாயிறு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கரையில் பனி. ஈரக் கோரை வாசமும் மாட்டுச் சாண வாசமும். மாமு எனக்கும் சேர்த்துத் தன் பெரிய துண்டைப் போர்த்திவிட்டு உட்கார்ந்தார். வேன்காரர்கள் பத்தடி தள்ளி நின்றார்கள். ஒருவர் தண்ணீருக்கு நடுவே கையைக் காட்டி, அது என்னங்க என்று கேட்டார். மாமு என் காதருகே குனிந்தார்.

"ஏ புள்ள, அது வெள்ளையா கறுப்பா? மூக்கு வளைஞ்சிருக்கா நேரா இருக்கா?"

என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, வெள்ளை, மூக்கு கரண்டி மாதிரி என்றேன். உடனே அவர் நிமிர்ந்து, கரண்டிவாயன் என்று அவர்களுக்குச் சொன்னார். ஐந்தாறு தடவை இப்படி நடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

திரும்பி வரும்போது சைக்கிளில் கேட்டுவிட்டேன். அவர் மிதித்துக்கொண்டே சொன்னார்.

"தூரத்துல இருக்கிறது எனக்குப் பிடிபட மாட்டேங்குது புள்ள. எல்லாருக்கும் அங்க பூராவும் கலங்கலாத்தான் இருக்கும், அவங்களுக்குப் புத்தி இருக்கு, அதை வச்சுக் கண்டுபிடிச்சுர்றாங்கன்னு நெனக்கிறேன். எனக்கு அம்புட்டுப் புத்தி இல்ல. யார்ட்டயும் சொல்லிராத."

நான் சத்தியம் செய்தேன். பின்னே, வழிகாட்டிக்கே பறவை தெரியவில்லை என்று வேன்காரர்களுக்குத் தெரிந்தால் அவர்கள் வர மாட்டார்கள். அவர்கள் வராவிட்டால் தகரப் பெட்டியும் ரயிலும்தான்.

ஆனால் காதில் கிசுகிசுத்துக்கொண்டே இருக்க முடியுமா? அப்போதுதான் எனக்கு அய்யலூர் சந்தை கைகொடுத்தது. பரீட்சை லீவில் அத்தாவோடு போய் நின்று பார்த்திருக்கிறேன். ஆடு வாங்குகிறவரும் விற்கிறவரும் வாய் திறந்து விலை பேச மாட்டார்கள். ஒரு துண்டைக் கையின்மேல் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருத்தருக்கும் தெரியாது. மாமுவும் நானும் அதே முறையைப் பறவைக்கு மாற்றிக்கொண்டோம். கட்டைவிரலைப் பிடித்தால் வெள்ளை. ஆள்காட்டி விரல் கறுப்பு. நடுவிரல் பழுப்பு. மோதிர விரலை இழுத்தால் நீளமூக்கு, சுண்டுவிரலை இழுத்தால் நீளக்கால். உள்ளங்கையில் எத்தனை அழுத்து அழுத்துகிறேனோ அத்தனை உருப்படி. அதற்குமேல் அவருக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. சத்தம், நேரம், இறங்குகிற இடம் மூன்றையும் சேர்த்துப் பெயரைச் சொல்லிவிடுவார். மாமனும் மருமகளும் குளிருக்கு ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறோம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நாங்கள் துண்டுக்குள் வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தோம்.

அடேயப்பா, அந்த இரண்டு மாதம் நான் இருந்த மிதப்பு! பள்ளிக்கூடத்தில் உங்கள் நடுவே உட்கார்ந்து, மதுரையிலிருந்து வருகிற டாக்டர்களுக்கும் புரொபசர்களுக்கும் நான்தான் கண் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

ஒரு தடவை மாட்டிக்கொள்ளப் பார்த்தோம். அக்கரைக் கருவேல மரத்தில் பெரிதாக, வெள்ளையாக ஏதோ உட்கார்ந்திருந்தது. நான் கட்டைவிரலைப் பிடித்துவிட்டு, பெருசு என்று சொல்ல அவர் கையையே முறுக்கினேன். மாமு எழுந்து நின்று, கூழைக்கடா வந்திருக்கு என்று அறிவித்தார். கூட்டமே பரபரத்தது. டாக்டரம்மா பைனாகுலரை எடுத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, அது யூரியா சாக்கு என்றார். காற்றில் பறந்துபோய் முள்ளில் மாட்டியிருக்கிறது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நேற்று அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருந்தது என்று மாமு சமாளித்தார். டாக்டரம்மா மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டு எங்கள் துண்டைப் பார்த்தார். நான் கையைத் துண்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டேன்.

அந்தக் கூட்டத்துக்கு மொத்தமே ஒரு பைனாகுலர்தான், டாக்டரம்மாவுடையது. தோல் உறை போட்டு, கனமாக இருக்கும். ஒரு நாள் மாமுவின் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். அவர் கண்ணில் வைத்து, சக்கரத்தை முன்னும் பின்னும் திருகினார். திடீரென்று அசையாமல் நின்றுவிட்டார். அன்றைக்குத் தண்ணீரில் முக்குளிப்பான் குஞ்சு ஒன்று தாயின் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. அத்தனை நாளும் காதால் மட்டும் தெரிந்த ஜீவனை அவர் அப்போதுதான் முகத்தோடு பார்க்கிறார். கண்ணிலிருந்து எடுக்கவே மனசில்லாமல் திருப்பிக் கொடுத்தார். அடுத்து வாங்கிப் பார்த்த புரொபசர், யாருய்யா சக்கரத்தைத் திருகினது, ஒரே மங்கல் என்று கத்தினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இதே கதைதான். மாமு கையிலிருந்து வாங்குகிறவர் எல்லாம் முணுமுணுத்துக்கொண்டே சக்கரத்தைத் திருப்பி வைப்பார்கள்.

மார்கழி முடியப்போகிற நேரம். ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது, வெள்ளிக்கிழமை பயணம். பெட்டியில் இரண்டு கைலி, நாலு சட்டை, அம்மா போட்ட ஊறுகாய் ஜாடி எல்லாம் ஏறிவிட்டன. அதற்கு முந்தின ஞாயிறு அத்தா ஒரு வேலை செய்தார். மச்சினனைத் திட்டினாலும், மச்சினனோடு பழகியவர்களை வெறும் வயிற்றோடு அனுப்புகிற ஆள் இல்லை அவர். வேன்காரர்களுக்கு மத்தியானச் சோறு நம் கடையிலிருந்து என்று சொல்லி, அண்டாவை டெம்போவில் ஏற்றிக்கொண்டு அவரே கரைக்கு வந்தார். வந்தவர் தூரத்திலேயே இறங்கி, சாமானைத் தூக்க வருமாறு மாமுவைப் பார்த்துக் கையை ஆட்டினார். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நூறடி இருக்கும். மாமு நேராக அந்தத் திசையில்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அசையவில்லை. அத்தா மறுபடியும் ஆட்டினார். நான் பிரியாணியும் முட்டையும் எப்போது வரும் என்ற யோசனையில் இருந்தேன், சனியன், கவனிக்கவில்லை.

அத்தா விறுவிறுவென்று வந்து நின்றார். வேன்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் ஆரம்பித்துவிட்டார்.

"முன்னால நின்னு கையக் காட்டுறேன், பாத்துக்கிட்டே உக்காந்திருக்க. அம்புட்டுத் திமிரு. கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு உனக்கு?"

மாமு தலையைக் குனிந்துகொண்டார். துண்டுக்குள் என் கையை இறுகப் பிடித்தார், அதில் எந்தக் கணக்கும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டரம்மா எங்கள் பக்கம் வந்தார். பைனாகுலரை எடுத்து மாமுவிடம் நீட்டி, எதிர்க்கரையில் என்ன தெரிகிறது, தெளிவாக வைத்துச் சொல்லுங்கள் என்றார். மாமு சக்கரத்தைத் திருகிப் பார்த்துவிட்டு, மஞ்சள் மூக்கு நாரை, எட்டு, ஒன்றுக்கு இறகு ஒடிந்திருக்கிறது என்றார். டாக்டரம்மா அதை வாங்கி, சக்கரத்தைத் தொடாமல், அப்படியே அத்தா கையில் கொடுத்தார்.

அத்தா கண்ணில் வைத்துப் பார்த்தார். நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலயேம்மா. பூராவும் பஞ்சப் பிச்சுப் போட்ட மாதிரி கெடக்கு."

"உங்க மச்சினனுக்குக் குழாய் இல்லாம பார்த்தா எல்லாமே அப்படித்தாங்க தெரியும். பஸ்ஸு, ஆடு, நீங்க கையாட்டுறது, எல்லாம். பிறந்ததுலேருந்தே இருக்கலாம். ஒரு கண்ணாடி போட்டா சரியாப்போகும். ரெண்டு மாசமா இந்தச் சின்னப் பொண்ணு கைதான் அவருக்குக் கண்ணாடி."

அத்தா பைனாகுலரை இறக்கவில்லை. அந்தக் கண்ணாடிக் குழாய் வழியாக ஒன்றும் தெரியாத குளத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் முகத்தைப் பார்க்கக் கூசியிருக்கிறார் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு, அவருக்கும் பறவை பிடித்துப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

கடைசியில் குழாயை இறக்கி, சாப்பிடலாம் என்று மட்டும் சொன்னார். அண்டாவைத் திறந்தார்கள். பிரியாணி மணம் கரையெல்லாம் பரவியது. பக்கத்தில் இன்னொரு சட்டி இருந்தது, அதற்கு மட்டும் தனி மூடி. விருந்தாளிகளுக்கென்று ஸ்பெஷலாகச் செய்யச் சொன்னேன் என்று அத்தா தன் கையால் திறந்தார். உள்ளே மிளகு போட்டு வறுத்த காடை, காலைத் தூக்கிக்கொண்டு முப்பது உருப்படி.

புரொபசர் தொப்பியைக் கழற்றி மறுபடியும் மாட்டிக்கொண்டார். அத்தாவுக்குக் காரணம் விளங்கவில்லை. பறவை என்றால் உயிரை விடுகிறவர்கள் வந்திருக்கிறார்கள், ஆட்டுக்கறி மட்டும் போட்டால் மரியாதையாக இருக்காதே என்று மாஸ்டரிடம் சொல்லி ராத்திரியே ஊறப்போட்டிருக்கிறார். அவர் தொழிலில் ஒன்றின் மேல் ஆசை என்றால் அதைத் தட்டில் வைப்பதுதான் முறை. முதலில் சிரித்தது டாக்டரம்மாதான். கரையில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தோம், விஷயம் புரிந்ததும் அத்தாவே நாக்கைக் கடித்துக்கொண்டார். பாதிப் பேர் காடையைத் தொடவில்லை. சாப்பிட்ட மீதிப் பாதிப் பேர் இரண்டாம் தடவையும் கேட்டார்கள், பெயர் சொல்ல மாட்டேன். முதல் காடையை எடுத்து மாமுவின் இலையில் வைத்தது அத்தா. வைத்த கையை அவர் தோளில் செத்த நேரம் போட்டிருந்தார்.

திங்கட்கிழமை அத்தா கல்லாவை மாஸ்டரிடம் விட்டுவிட்டு, மாமுவை மதுரைக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனார். ஒரு முழு நாள் அவர் கல்லாவை விட்டு விலகி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமை ரயில் அதுபாட்டுக்குப் போனது. தகரப் பெட்டியைப் பரணில் தூக்கிப் போடச் சொன்னார், அதில் அம்மா போர்வை வைத்துக்கொண்டாள். பொடதி என்ற வார்த்தையை அதற்குப் பிறகு அத்தா வாயிலிருந்து நான் கேட்கவில்லை. யாரையும் திட்டவில்லை என்று சொல்ல மாட்டேன், அந்த வார்த்தையை மட்டும் விட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிறு கண்ணாடியோடு மாமு கரைக்கு வந்தார். சோடாபாட்டில் அடி மாதிரிக் கனமான கண்ணாடி. வேன்காரர்கள் சுற்றி நின்று கொண்டாடினார்கள். ஒவ்வொரு பறவையாக அவரே தூரத்தில் கண்டுபிடித்துச் சொன்னார். எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் இல்லை. இனிமேல் நான் எதற்கு? தனியாகப் போய் மதகுக் கல்லில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரயில் போகாமல் இருக்க வேண்டும் என்று துஆ கேட்டவளும் நான்தான், இப்போது முறுக்கிக்கொண்டவளும் நான்தான்.

கொஞ்ச நேரத்தில் மாமு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். துண்டை எடுத்து எங்கள் கைமேல் போட்டார். உள்ளே என் கட்டைவிரலைப் பிடித்தார். வெள்ளை. உள்ளங்கையில் ஒரே ஒரு அழுத்து. ஒன்று.

நான் குளத்தைப் பார்த்தேன். வெள்ளையாக ஒன்றும் இல்லை. அவர் மோவாயால் எதிர்க்கரையைக் காட்டினார். அங்கே, ஆள் ஒரு விரல் உயரம் தெரிகிற தூரத்தில், வெள்ளைச் சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக ஒருவர் சோற்று அண்டாவைச் சுமந்து வரப்பில் வந்துகொண்டிருந்தார்.

மாமு எழுந்து நின்றார். பறவை பார்க்கிற இடத்தில் இருமக்கூடாது என்று இரண்டு மாதமாக எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, குளமே அதிரக் கத்தினார்.

"மச்சான்! அஸ்ஸலாமு அலைக்கும்!"

நாரை, நாமக்கோழி, சிறகி, கொக்கு, ஒன்று மிச்சமில்லாமல் சடசடவென்று எழும்பிவிட்டன. புரொபசர் தலையில் அடித்துக்கொண்டார். டாக்டரம்மா பேனாவை மூடி நோட்டுக்குள் வைத்துவிட்டார். எதிர்க்கரையில் அத்தா அண்டாவைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.